எதில் மூன்றில் ஒன்று

மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாய் மடிந்து கிடக்கும்
யாரும் பிரிக்காத அந்தத் தாளை
எழுதுகிறவள் நான்.

ஓலு நகரம், பிப்ரவரி.
நான்கரைக்கே ஜன்னல் நீலமாகிவிட்டது.
வாசித்துப் பார்த்துச் சொல்ல
ஐந்து பேரை வரவழைத்திருந்தோம்.
காபி, ஏலக்காய் ரொட்டி, ஆளுக்கொரு பென்சில்.

வரைவின் நான்காம் வரி:
இம்மருந்து மாரடைப்பு அபாயத்தை
மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது.

முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டிய
ஊர்போ கல்லியோய்னன்
அந்த வரிமேல் பென்சிலை ஊன்றி நிறுத்திக் கேட்டார்:
"எதில் மூன்றில் ஒன்று?"

பதில் என்னிடம் இருந்தது.
அடிக்குறிப்பில், பொடி எழுத்தில்.
படித்துக் காட்டினேன்.

நூறு பேர். ஐந்து வருஷம்.
மாத்திரை இல்லையென்றால் மூவருக்கு வரும்.
தினமும் விழுங்கினால் இருவருக்கு.

"அவ்வளவுதானா?" என்றாள் ரித்வா.
"அவ்வளவா!" என்றார் ஊர்போ.

ஒரே எண்தான்.
ஒரு 'தான்' வந்து நடுவில் உட்கார்ந்ததும்
மேசை இரண்டாகிவிட்டது.

ஊர்போ தாளைத் திருப்பி
இரண்டு பேருந்து வரைந்தார்.
ஒன்றுக்கு ஐம்பது இருக்கை, எண் போட்டு.
மூன்று கட்டத்தைக் கறுப்பாக்கினார்,
ஒன்றை அழித்தார்.
"எழுந்து போனவர் எந்த இருக்கை?"

தெரியாது என்றேன்.
ஆய்வுக்குத் தெரியாது.
எழுந்து போனவருக்கே தெரியாது.
அவர் கடைக்குப் போகிறார்,
வாசல் பனியை வழித்துத் தள்ளுகிறார்,
போனில் மகளோடு சண்டை போடுகிறார்.
வராமல் போன ஒன்றுக்கு
யார் நன்றி சொல்வது, எந்தத் தேதியில்?

அந்த ஒருவர்கூட உறுதியில்லை.
கணக்கை நீட்டினால் இரண்டு பேர் ஆகலாம்,
சுருக்கினால் ஒரு முழு ஆள் தேறாது.

தொண்ணூற்றேழு பேர் விழுங்கியது
விழுங்காவிட்டாலும் நடந்திருக்கும்.
அதிலும் நால்வருக்குக் கெண்டைக்கால் வலி.

நன்மை பெயர் சொல்லாமல் வந்து போகும்.
வலி மட்டும்
கதவைத் தட்டி, பெயர் சொல்லி, உட்காரும்.

"பனிச்சறுக்கப் போக இந்தக் கால்கள் வேண்டும்,
எனக்கு மாத்திரை வேண்டாம்" என்றாள் ரித்வா.
"நான் போட்டுக்கொள்வேன்" என்றார் ஊர்போ.
"காலி இருக்கைக்கும் பெல்ட் வைத்த வண்டியை
ஓட்டியவன் நான்."

இருவரும் சரியாகத்தான் படித்திருந்தார்கள்.

பக்கம் அமைக்கும் யூஹானி தலையைச் சொறிந்தான்.
மூன்றில் ஒன்று என்றால் அரை வரி.
இந்த நூறு பேரையும் ஏற்ற ஐந்து வரி.
"எழுத்தைச் சின்னதாக்கவா?"
கம்பெனி முத்திரையைச் சின்னதாக்கு என்றேன்.
சிரித்தான். சின்னதாக்கவில்லை.
நாளைக்கும் கேட்பேன்.

ஹைலுவோட்டோ தீவில் என் வீடு.
கடல் உறைந்த வாரங்களில்
அதன் மேலேயே சாலை போடுவார்கள்.
பலகை சொல்கிறது: மூன்று டன்.
வண்டிக்கு வண்டி ஐம்பது மீட்டர்.
இந்தச் சாலையில் பெல்ட்டைக் கழற்றிவிடுவோம்.
பனி உடைந்தால்
காப்பாற்றும் பட்டைதான் கட்டிப்போடும்.
ஊர்போவிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

கரையோரம் துளைக்கருவியோடு காவலாள்.
கண்ணாடியை இறக்கிக் கேட்டேன், எவ்வளவு தடிமன்?

"நாற்பத்தொன்று."

இன்றைக்கா?

"நேற்று. ஏழு இடத்தில் துளைத்துப் பார்த்தது."
கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.
"இன்றைக்கு இனிமேல்தான்."

பின்னால் ஒரு வண்டி விளக்கைச் சிமிட்டியது.
பட்டையை விடுவித்தேன்.
முன்னே போகும் சிவப்பு விளக்கு
ஐம்பது மீட்டர் ஆகட்டும் என்று
எண்ணத் தொடங்கினேன்.